திருவல்லிக்கேணிக் கடைத்தெரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1993-இல் ஒரு தகரப் பெட்டியோடும் பாயோடும் சென்னைத் திருவல்லிக்கேணியில் மேன்ஷன் ஒன்றில், அதாவது வெளியூர் ஆண்கள் மாத வாடகைக்குத் தங்கும் விடுதியில், வந்து இறங்கியவன் நான். கல்யாணம் ஆனதும் மேன்ஷனை விட்டேன், பேட்டையை விடவில்லை. ஊரிலிருந்து வேலை தேடி வரும் பிள்ளைகள், இங்கே ஒரு கடை போடலாமா என்று யோசிப்பவர்கள், லீவில் வந்து "அந்தக் கடை எங்கே சார், காணோம்?" என்று தெருமுனையில் நிற்கும் பழைய மேன்ஷன்வாசிகள் எல்லோரும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எழுதி வைத்துவிட்டால் தொண்டை மிச்சம்.

திருவல்லிக்கேணி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது?

போஸ்ட்மேனுக்கு ஒரு கணக்கு, ஆட்டோக்காரருக்கு ஒரு கணக்கு. என் கணக்கில் வடக்கே வாலாஜா சாலை, தெற்கே ஐஸ் ஹவுஸ், கிழக்கே கடற்கரைச் சாலை, மேற்கே அண்ணா சாலையின் சத்தம் கேட்க ஆரம்பிக்கும் இடம். பெயர்களில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். பலகையில் காயிதே மில்லத் சாலை என்று இருப்பதை எல்லோரும் ஹை ரோடு என்பார்கள். பாரதி சாலை பெரியவர்கள் வாயில் இன்னும் பைகிராஃப்ட்ஸ் ரோடுதான். பறக்கும் ரயிலில் வந்தால் சேப்பாக்கம் அல்லது திருவல்லிக்கேணியில் இறங்கலாம். மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம்.

இவ்வளவு சின்ன வட்டாரத்தில் ஏன் இத்தனை கடைகள்?

பார்த்தசாரதி கோயில் இருக்கிறது, 1795-இல் கட்டிய வாலாஜா பெரிய மசூதி இருக்கிறது, சேப்பாக்கத்தில் எழிலகம் முழுக்க அரசு அலுவலகங்கள், கடற்கரைப் பக்கம் பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரியும் இருக்கின்றன. கூட்டத்துக்குக் காரணம் கேட்டால் எல்லோரும் இந்தப் பட்டியலைத்தான் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் இந்தத் தெருக்களின் கடைகளை உருவாக்கியது மேன்ஷன் அறைதான் என்பது என் கட்சி.

அந்த அறையை நினைத்துப் பாருங்கள். பத்தடிக்கு எட்டடி. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஆணியில் தொங்கும் சட்டைகள். அடுப்பு வைக்கக் கூடாது, அதனால் கீழே மெஸ். துணி உலர்த்த இடமில்லை, அதனால் சலவைக்காரரும் அயர்ன் வண்டியும். போன் கிடையாது, வெளியூருக்குக் காசு கொடுத்துப் பேசத் தெருவுக்கு நாலு எஸ்.டி.டி. பூத். படிக்க வாடகை நூல் நிலையம், பேப்பர் பார்க்க டீக்கடை, ஒரு தடவைக்கு மட்டும் ஷாம்பு வாங்கப் பெட்டிக்கடை. அறைக்குள் எது இல்லையோ அது தெருவில் ஒரு ஷட்டராகத் திறந்திருந்தது. இதைப் பிடித்துக்கொண்டால், எந்தக் கடை ஏன் மூடியது என்பது பாதிக்கு மேல் விளங்கிவிடும். ஒரு பொருள் அறைக்குள் வந்துவிட்டால் கீழே ஒரு கடைக்கு வேலை போய்விடுகிறது.

மேன்ஷன்கள் இன்னும் இருக்கின்றனவா? யார் தங்குகிறார்கள்?

இருக்கின்றன, ஆனால் குறைந்துவிட்டன. கம்ப்யூட்டர் வேலைக்கு வரும் பையன்கள் இப்போது பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கமே பி.ஜி. விடுதி பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே வைஃபை உண்டு, மூன்று வேளைச் சாப்பாடும் உள்ளேயே. இங்கே சில மேன்ஷன்கள் நாள் வாடகை லாட்ஜாகிவிட்டன. சிலவற்றை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள்.

மிச்சமிருப்பவற்றில் மூன்று விதமான ஆட்களைப் பார்க்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒரு கூட்டம். ஓட்டலிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பீகார், அசாம், மேற்கு வங்கப் பையன்கள், ஓர் அறைக்கு நாலைந்து பேராக. மூன்றாவது, ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள். 2014-இல் ஓமந்தூரார் தோட்டத்தில் பன்னோக்கு மருத்துவமனை திறந்த பிறகு இந்தக் கூட்டம் கூடிவிட்டது. கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, அதாவது கோஷா ஆஸ்பத்திரி, 1885-இலிருந்தே இருக்கிறது. பிரசவத்துக்கு வந்த பெண்ணின் அம்மாவுக்கு ஃப்ளாஸ்க்கில் வெந்நீரும் காலையில் நாலு இட்லியும் வேண்டும். அந்தப் பக்கத்து டீக்கடைகள் வெந்நீர் விற்கின்றன. எனக்குத் தெரிந்து வேறெந்தத் தெருவிலும் வெந்நீருக்கு இவ்வளவு வியாபாரம் இல்லை.

மெஸ்கள் என்ன ஆயின?

இதைக் கேட்காமல் யாரும் போனதில்லை.

பழைய மெஸ் என்பது யாரோ ஒருவர் வீட்டின் முன்கூடம். நாலு மேசை, சுவரில் சாமி படம், கல்லாவில் வீட்டம்மாவோ ஐயாவோ. மாதம் பிறந்ததும் பணம் கட்டி டோக்கன் கட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஊருக்குப் போனால் டோக்கன் மிச்சமாகும், அதை அறை நண்பனிடம் விற்கலாம். மாதக் கடைசியில் எங்களுக்குள் அது ரூபாய் நோட்டு மாதிரியே புழங்கியது. ஞாயிறு இரவு மெஸ் லீவு. அந்த ஒரு இரவுக்காகவே கையேந்தி பவன்கள் பிழைத்தன என்று சொன்னாலும் மிகையில்லை.

இப்போதும் அக்பர் சாகிப் தெரு காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக் காத்திருந்துதான் இலையில் உட்கார வேண்டும். சேப்பாக்கத்து நாயர் மெஸ்ஸில் மீன் வறுவலுக்கு மத்தியானம் கூட்டம் நிற்கிறது. பாரதி சாலை ரத்னா கஃபே 1948-இலிருந்து இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துக்கொண்டிருக்கிறது. மூன்றையும் பெரிய பெயர்கள் என்று ஒதுக்கி வையுங்கள். நான் சொல்ல வந்தது பெயர்ப் பலகைகூட இல்லாத மெஸ்களைப் பற்றி.

அவை ஒரே நாளில் விழவில்லை. 2013-இல் அம்மா உணவகம் வந்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. கையில் காசில்லாத மாதக் கடைசி வாடிக்கையாளர் அங்கே போய்விட்டார். 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. சாம்பாரைக் கவரில் ஊற்றி நூலால் சுற்றிக் கட்டும் அந்த வித்தைக்குச் சட்டப்படி முற்றுப்புள்ளி (நடைமுறையில் காற்புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்). 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மேன்ஷன்கள் ஒரே வாரத்தில் காலியாயின. மாதக் கணக்கு வைத்திருந்த பையன்களில் பலர் திரும்பி வரவே இல்லை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த மெஸ்ஸின் நோட்டில் பல பெயர்களுக்கு எதிரே இன்னும் பாக்கி நிற்கிறது.

அப்புறம் சாப்பாட்டு டெலிவரி ஆப். நூறு ரூபாய் சாப்பாட்டில் இருபது, இருபத்தைந்து ரூபாய் கமிஷனாகப் போகிறது என்பது மெஸ்காரர்கள் சொல்லும் கணக்கு. எரிவாயுவும் வீட்டு சிலிண்டர் இல்லை, 19 கிலோ வணிக சிலிண்டர், மாதம் பிறந்தால் விலை மாறும். இலைக்கு உட்கார்ந்தவர் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்பார், அதில் செலவு பெரிதாக ஒன்றுமில்லை. பார்சலில் எல்லாம் அளவு, எல்லாவற்றுக்கும் ஒரு டப்பா, டப்பாவுக்கும் காசு. அதனால் மிச்சமிருக்கும் சின்ன மெஸ்களில் பாதி இப்போது உட்கார வைத்துச் சாப்பாடு போடுவதில்லை. மேசையை எடுத்துவிட்டு அங்கே பார்சல் கட்டுகிறார்கள். எனக்கு அது மெஸ்ஸாகவே தெரியவில்லை. ஆனால் அந்த அம்மாவுக்குக் கால் வலி, பரிமாறும் வேலை குறைந்ததில் அவருக்கு நிம்மதி. நான் என்ன சொல்ல?

எஸ்.டி.டி. பூத்கள் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?

எங்கள் தெருவில் எட்டுக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு ஷட்டர். அதன் ஜாதகம் எனக்கு மனப்பாடம்.

நான் வந்தபோது அது வாடகை நூல் நிலையம். மாத நாவல்களைப் பைண்டு செய்து, விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகைக்குக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்ததும் அது படுத்துவிட்டது. அடுத்து மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. பூத். இரவு பதினோரு மணிக்கு மேல் கட்டணம் நாலில் ஒரு பங்கு என்பதால் பத்தே முக்காலுக்கே வரிசை கட்டிவிடும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒருவன் அழுதுகொண்டே பேசுவான், வெளியே நிற்பவர்கள் மீட்டரைப் பார்ப்பார்கள். அதில் தலைகுனிந்து நின்றவர்களில் நானும் ஒருவன்.

2000-த்தை ஒட்டி அதே இடம் பிரவுசிங் சென்டர். பூத்தின் பலகைத் தடுப்புகளை அறுத்துத்தான் கம்ப்யூட்டர் மேசை செய்தார்கள். பிறகு ஜெராக்ஸும் ரீசார்ஜும். கையிலேயே போன் வந்த பிறகு ரீசார்ஜ்தான் பெரிய வரும்படி. பத்து ரூபாய் டாப்-அப்புக்குக்கூட ஆள் வரும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, நெட் மலிந்தது, கொஞ்ச நாளில் அவரவர் போனிலேயே அவரவர் ரீசார்ஜ். இப்போது அங்கே டெம்பர்டு கிளாஸ் ஒட்டுகிறார்கள், சார்ஜர் விற்கிறார்கள், ஆதார் அட்டையை அச்செடுத்து லாமினேஷன் போடுகிறார்கள், கூரியர் பார்சல் வாங்கி வைக்கிறார்கள்.

கவனித்தீர்களா, ஜெராக்ஸ் மட்டும் அசையவில்லை. அரசு அலுவலகம் பக்கத்தில் இருக்கும் வரை "ரெண்டு காப்பி எடுத்துட்டு வாங்க" என்ற வாக்கியம் சாகாது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் எல்லாம் போயிருக்குமே?

போகவில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-இல் தட்டச்சர் பணிக்குத் தட்டச்சுச் சான்றிதழ் வேண்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதற்கு லோயர், ஹையர் என்று தேர்வு நடத்துகிறது. அதனால் மாடிப்படி ஏறினால் இன்னும் ஆறு மணி பேட்ச், ஏழு மணி பேட்ச் என்று ஓடுகிறது. பிரவுசிங் சென்டர் வந்து போயே விட்டது, மாடியில் டைப்ரைட்டர் தட்டிக்கொண்டிருக்கிறது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் யாராவது நம்பியிருப்பார்களா?

எல்லிஸ் ரோடு கேமரா கடைகள்?

இருக்கின்றன. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தபோதே அவர்கள் ஒரு தடவை செத்துப் பிழைத்தவர்கள். இப்போது கல்யாண போட்டோகிராபர்கள்தான் முக்கிய வாடிக்கை: லைட், ஸ்டாண்டு, ஆல்பம். பழைய ஃபிலிம் கேமரா கேட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. கடைக்காரர் அவர்களைப் பார்க்கும் பார்வையைப் பார்க்க வேண்டும்.

பத்து நிமிடத்தில் டெலிவரி வந்த பிறகு அண்ணாச்சி மளிகைக் கடை தாங்குமா?

பிளிங்கிட், ஜெப்டோ, இன்ஸ்டாமார்ட் பையன்கள் எங்கள் சந்துகளிலும் வருகிறார்கள். மாதச் சாமான் வாங்கும் குடும்பங்களில் ஒரு பகுதி கை மாறிவிட்டது. அதை அண்ணாச்சியே ஒப்புக்கொள்கிறார். பிஸ்கட், சோப்பு, சிப்ஸ் மாதிரி விலை அச்சடித்த சரக்கில் அவரால் போட்டி போட முடியவில்லை. ஏஜென்சிக்காரர் அவருக்குக் கொடுக்கும் விலையைவிட ஆப்பில் விற்கும் விலை சில நாள் குறைவாக இருக்கிறது.

ஆனால் ஐம்பது கிராம் மிளகு, பத்து ரூபாய்க்குப் பொட்டுக்கடலை, இரண்டு வெங்காயம், அரை மூடித் தேங்காய், இதை யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்? ஒற்றை அறையில் இருப்பவனுக்கு ஒரு கிலோ எதுவும் தேவையில்லை. பாக்கெட் ஷாம்புவைக் கடலூர்க்காரர்கள் நாடு முழுக்கப் பரப்பினார்கள் என்பார்கள். அதற்கு முதல் மரியாதை கொடுத்தவர்களில் மேன்ஷன்வாசிகளைச் சேர்க்காவிட்டால் அநியாயம். இரண்டாவது, கடன் நோட்டு. "அடுத்த வாரம் தரேன் அண்ணாச்சி" என்று ஆப்பிடம் சொல்ல முடியாது. மூன்றாவது, ஈர மாவு. முன்பு ஊறப்போட்ட அரிசியைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போவோம். இப்போது அண்ணாச்சியே கிரைண்டர் போட்டு அரைத்துக் கிலோ கணக்கில் விற்கிறார். மாலை ஆறு மணிக்கு அவர் கடையில் நிற்கும் கூட்டம் மாவுக்குத்தான். வந்தவர் கையோடு கறிவேப்பிலையும் வாங்கிப் போவார்.

பாலில் வியாபாரம் இல்லை என்பார், ஆனால் விடாமல் வைத்திருப்பார். ஆவின் பாக்கெட்டில் கிடைக்கும் லாபம் குளிர்பெட்டியின் மின்கட்டணத்துக்கே சரி. காலையில் ஆளைக் கடைக்கு வரவழைக்கும் தூண்டில் அது.

ஒரு பழைய கதையும் சொல்லிவிடுகிறேன். கடைகளுக்கு மாற்றாக இன்னொரு வழி தேடுவது இந்தப் பேட்டைக்குப் புதிதல்ல. இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி போன்றவர்கள் முன்நின்று 1904-இலேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வாங்குபவர்களே சேர்ந்து கடை நடத்துவது என்ற யோசனை. நாட்டின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவுகளில் ஒன்று அது. இன்றும் டியுசிஎஸ் என்ற பெயரில் ரேஷன் கடை நடத்துகிறது. அது வந்தும் தனியார் மளிகைக் கடைகள் போய்விடவில்லை.

க்யூஆர் அட்டை வந்ததால் யாருக்கு லாபம்?

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோதுகூட எங்கள் பூக்கார அம்மா க்யூஆர் அட்டை வாங்கவில்லை. ஊரடங்குக்குப் பிறகுதான் வாங்கினார். காசைத் தொடப் பயந்த காலம் அது. இப்போது "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி பேசாவிட்டால் அவருக்கு நம்பிக்கை வருவதில்லை. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் வழக்கம் ஒழிந்தது. மிட்டாய்க் கம்பெனிக்கு நஷ்டம்தான், எனக்கு வருத்தமில்லை.

யுபிஐ வழியாகப் பணம் வாங்கினால் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை, 2020 முதல் அப்படி. பேசும் பெட்டிக்கு மட்டும் மாத வாடகை பிடிக்கிறார்கள். இதைவிடப் பெரிய மாற்றம், வரவுக்கு ஒரு தடயம் கிடைத்தது. அது இரண்டு பக்கமும் வெட்டுகிறது. 2025-இல் பெங்களூரில் யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும், அங்கே பல கடைகள் "ரொக்கம் மட்டும்" என்று அட்டை மாட்டின. செய்தி வந்த வாரம் இங்கேயும் இரண்டு கடைகளில் க்யூஆர் அட்டை கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தேன். அடுத்த வாரம் நிமிர்ந்துவிட்டது. வாடிக்கையாளர் பையில் நோட்டே இல்லாதபோது எத்தனை நாள் கவிழ்த்து வைப்பது?

இன்னொரு பக்கம் கடன். தெருக்கடைக்குப் பழகியது தண்டல், அதாவது தினவசூல் கடன். காலையில் சைக்கிளிலோ டிவிஎஸ் வண்டியிலோ நோட்டோடு வருவாரே, அவர் கொடுப்பது. பத்தாயிரம் கடன் என்றால் கையில் தருவது ஒன்பதாயிரம், சில இடங்களில் எட்டாயிரத்து ஐந்நூறு. தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஒன்பதாயிரக் கணக்கையே ஆண்டு வட்டியாக்கிப் பார்த்தால் 80 சதவீதத்தை நெருங்குகிறது. கந்துவட்டிக்கு எதிராக 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது, தண்டல் வண்டியும் வந்துகொண்டேதான் இருக்கிறது. 2020 ஜூனில் ஒன்றிய அரசு ஆரம்பித்த ஸ்வநிதி திட்டத்தில் தெரு வியாபாரிக்கு ஈடில்லாமல் முதல் கடன் பத்தாயிரம். 2025-இல் அதைப் பதினைந்தாயிரமாக உயர்த்தினார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்த தவணை பெரிது, வட்டியில் 7 சதவீதம் மானியம். பூக்கார அம்மா இரண்டாவது தவணை வாங்கிவிட்டார். தண்டலையும் விடவில்லை. ஏன் என்றதற்கு, "பேங்க்காரன் ராத்திரி ஒம்பது மணிக்குத் தருவானா?" என்றார்.

நடைபாதையில் கடை போடுவது சட்டவிரோதம்தானே?

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. 2014-இல் தெரு வியாபாரிகளுக்கென்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கணக்கெடுத்து, விற்பனைச் சான்று கொடுத்து, எங்கே விற்கலாம் எங்கே கூடாது என்று பிரிக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்று தரும் வரை அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ். முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவில் பத்தில் நாலு பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். காகிதத்தில் நல்ல சட்டம். தெருவில் அதைச் சுமந்துகொண்டு நிற்பது ஓர் அடையாள அட்டை மட்டும்தான், கடைகளை அகற்ற மாநகராட்சி லாரி வரும் நாளில் அந்த அட்டையை யார் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

நடக்க இடமில்லை என்று திட்டுபவர்களில் நானும் உண்டு. ஜாம் பஜார் பக்கம் சாயங்காலம் குடை பிடித்துக்கொண்டு போனால் தெரியும். ஆனாலும் பாரதி சாலை நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகக் கடைகளை எடுத்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு இங்கே இருக்க வேண்டும் என்றும் தோன்றும். இரண்டும் என் கருத்துதான்.

மேட்ச் நாள் வியாபாரம் தனி. சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம் என்றால் மத்தியானமே பெல்ஸ் ரோடும் வாலாஜா சாலையும் மஞ்சளாகிவிடும். ஜெர்சி, தொப்பி, கன்னத்தில் வண்ணம். மற்ற நாட்களில் கைக்குட்டையும் சாக்ஸும் விற்பவர்கள்தான் அன்றைக்கு ஜெர்சி விற்கிறார்கள். ஆட்டம் முடிந்த பிறகு விலை பாதி. அவசரம் இல்லாதவர்கள் இரவு பதினொன்றரைக்கு வாங்குங்கள்.

கடை பிடிக்க எவ்வளவு அட்வான்ஸ்? பகடி என்றால் என்ன?

சட்டம் ஒன்று, வழக்கம் ஒன்று. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சென்னையின் வழக்கம் பத்து மாதம். வேறு மாதிரி எழுதிக்கொள்ள வழி இருப்பதால் வழக்கமே ஜெயிக்கிறது.

பகடி என்பது வேறு. அட்வான்ஸ் திரும்பி வரும், பகடி வராது. பழைய வாடகைதாரர் இடத்தைக் காலி செய்து கொடுப்பதற்காக வாங்கும் தொகை அது, பெரும்பாலும் ரசீது கிடையாது. நாற்பது ஐம்பது வருடமாக ஒரே குடும்பம் சொற்ப வாடகையில் வைத்திருக்கும் கடைகள் இங்கே நிறைய. அங்கே வாடகையைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள், உள்ளே நுழையும் விலை வேறாக இருக்கும். உள்வாடகைக்கு எடுக்கும்போது கட்டடத்தின் சொந்தக்காரர் யார் என்று விசாரிக்காமல் பணம் கொடுத்து ஏமாந்த நண்பர் எனக்கு உண்டு. மூன்று மாதத்தில் ஷட்டரில் வேறொருவர் பூட்டு. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யுங்கள். அலைச்சல்தான், ஆனால் பூட்டை உடைக்க அலைவதைவிடக் குறைவு.

ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா? வேறென்ன காகிதம்?

பொருள் மட்டும் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. சேவைத் தொழிலுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் வரம்பு 20 லட்சம். மாநகராட்சியின் தொழில் உரிமம், அரையாண்டுக்கு ஒரு தடவை தொழில் வரி, சாப்பாட்டுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு. மிச்சத்துக்கு ஒரு ஆடிட்டரைப் பாருங்கள், நான் அந்த வேலை செய்பவன் இல்லை.

கடைப் பையன்கள் இப்போது எந்த ஊர்?

முன்பு மளிகைக் கடை என்றால் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள். அண்ணாச்சி ஊர்ப் பிள்ளையைக் கூட்டிவந்து கடையிலேயே தங்க வைத்து, பத்து வருடத்தில் தனிக்கடை வைத்துக்கொடுப்பார். அந்தப் பிள்ளைகள் இப்போது இன்ஜினியரிங் படிக்கிறார்கள், நல்லதுதான். பரோட்டா போடுபவர், பாத்திரம் தேய்ப்பவர், துணிக்கடையில் மடிப்பவர் பலரும் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள். "அண்ணா, இன்னும் ஒரு சட்னியா?" என்று அவர்கள் கேட்கும் தமிழ் எங்கள் பிள்ளைகள் தமிழைவிடத் தெளிவாக இருக்கிறது.

ஒன்று மட்டும் நல்லபடியாக மாறியது. கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் கடைகள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். சில கடைகளில் ஸ்டூல் வந்திருக்கிறது. முதலாளி உள்ளே வரும்போது எழுந்து நிற்கும் வழக்கத்தை எந்தத் திருத்தத்தால் மாற்றுவது என்று தெரியவில்லை.

நோன்பு மாதத்தில், திருவிழாவில் கடை நேரம் மாறுமா?

மாறும். ரமலானில் பெரிய மசூதிப் பக்கம் மாலை நாலு மணிக்கு மேல்தான் தெருவுக்கே உயிர் வரும். சமோசா, கட்லெட், ஹலீம், பேரீச்சை. வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய இரவு கோயிலைச் சுற்றி விடிய விடிய டீக்கடை திறந்திருக்கும். வண்டியில் வருவதாக இருந்தால் இரண்டுக்கும் வராதீர்கள்.

நான் ஒரு சின்னக் கடை போடலாம் என்றிருக்கிறேன். என்ன கடை போடலாம்?

எனக்குத் தெரிந்தால் நானே போட்டிருப்பேன். இருந்தாலும் கேட்பவர்களுக்கு ஒரே வழிதான் சொல்வேன். இரண்டு வாரம் காலை ஆறு முதல் ஒன்பது, மாலை ஆறு முதல் பத்து, நீங்கள் பார்த்த ஷட்டருக்கு எதிரே நின்று யார் போகிறார்கள், கையில் என்ன பை என்று பாருங்கள். இப்போதைய அறைகளில் எது இல்லை என்று யோசியுங்கள். போன் இருக்கிறது, படம் இருக்கிறது, சாப்பாடு வாசலுக்கு வருகிறது. வாஷிங் மெஷின் இல்லை. அதனால்தான் கிலோ கணக்கில் துணி துவைத்துத் தரும் கடைகள் வந்தன. அமைதியாக உட்கார்ந்து படிக்க இடமில்லை, அதனால் மாத வாடகைக்கு நாற்காலியும் மேசையும் தரும் படிப்பகங்கள் வருகின்றன. ஜூஸ் கடை மட்டும் வேண்டாம், தெருவுக்கு மூன்று இருக்கிறது.

அயர்ன் வண்டிக்காரர் இருக்கிறாரா?

இருக்கிறார். அதே மரத்தடி. கரிப் பெட்டியை விட்டுவிட்டு இப்போது கேஸ் அயர்ன் பாக்ஸ் வைத்திருக்கிறார், பொறி விழுந்து சட்டை ஓட்டையாகும் பயம் போய்விட்டது. வண்டியின் பக்கப் பலகையில் க்யூஆர் ஒட்டியிருக்கிறது. கணக்கை மட்டும் இன்னும் சுவரில் கரியால்தான் எழுதுகிறார், அதற்கென்று ஒரு டப்பாவில் கரித்துண்டு வைத்திருக்கிறார். ஞாயிறு வர மாட்டார். திங்கட்கிழமை இன்டர்வியூ என்றால் சட்டையைச் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.